வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெள்ளவத்தை, தெகிவளை, கிருலப்பனைப் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 சித்திரை (ஏப்ரல்) முதல் 2025 பங்குனி (மார்ச்) வரையான எமது நடவடிக்கைகளைச் சபைமுன் வைக்கிறேன். வழமையாக இந்த அறிக்கை கூட்டங்கள், விதைப் பைகள், நன்றி நவிலல் என்று போய் முடியும். இம்முறை அவற்றைச் சுருக்கிக்கொள்கிறேன். செயற்குழுவில் எந்த விடயத்தை எடுத்தாலும் பேச்சு கடைசியில் நத்தையில்தான் வந்து நின்றது; அதனால் அறிக்கையும் அங்கேதான் நிற்கப்போகிறது.

மாதாந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒழுங்காக நடந்தன. ஒக்டோபர் நடுப்பகுதியில் கொழும்பு மாவட்டத்தில் வெள்ளம் ஏற்பட்டபோது மட்டும் கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். கத்தரி, வெண்டி, பயற்றை, கறிமிளகாய் விதைகள் இரு போகத்துக்கும் பகிரப்பட்டன. விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்து கூட்டெரு தயாரிப்பதைச் செய்து காட்டினார். வரவு செலவை விபரமாகச் சொல்ல வேண்டியது பொருளாளரின் பொறுப்பு.

எமது அங்கத்தவர்களில் அநேகர் 2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணைத் தொட்டவர்கள். அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை விடப்பட்ட காலம் அது. எரிவாயு வரிசையும் பெற்றோல் வரிசையும் ஓய்ந்த பிறகும் இவர்கள் தோட்டத்தைக் கைவிடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்டவர்களே இந்த வருடம் "போதும், இனி நாற்று வைக்கமாட்டேன்" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். யூன் தொடக்கத்து மழைக்குப் பிறகு வைத்த கத்தரி நாற்றுகள் பல வீடுகளில் ஒரே இரவில் காணாமல் போயின. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். விடிந்து பார்த்தால் முளையே இல்லை!

எதிரி யார் என்பதில் இப்போது சந்தேகமில்லை. எமது பகுதியில் காணும் பெரிய, நீண்ட கூம்பு வடிவ, மண்ணிறக் கோடுள்ள நத்தை ஆபிரிக்கப் பெருநத்தை. கிழக்காபிரிக்காவே அதன் பூர்வீகம். மொரிஷியஸிலிருந்து 1847 இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், இதில் முட்டையிடாத நத்தை என்று ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரு தடவைக்கு 200 முட்டை வரை இடும். ஆண்டில் பல தடவை இடும். வரட்சி வந்தால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். தை, மாசியில் நத்தையைக் காணவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்: அது போகவில்லை, பூச்சாடிகளுக்கு அடியில்தான் இருக்கிறது.

ஓடில்லாத நத்தை இரண்டாவது எதிரி. பகலில் கல்லுக்கு அடியிலும் தும்புத்தூள் மூட்டைக்கு அடியிலும் ஒட்டிக்கிடக்கும். கறுத்துத் தட்டையாக இருப்பதால் பலர் அட்டை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் அரம் போன்ற நாக்கு. வளர்ந்த கத்தரியில் இரண்டு இலையை அரித்துவிட்டுப் போனால் செடி தப்பிவிடும். முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றில் குருத்தைத் தின்றால் கதை முடிந்தது. ஆகவே முழுத் தோட்டத்தையும் வருடம் பூராவும் காவல் காப்பதை விட, நாற்றின் முதல் சில வாரங்களைக் காப்பாற்றுவதே எமது வேலை என்று செயற்குழு முடிவெடுத்தது. இந்த முடிவுக்கு வர எமக்குச் சில மாதங்கள் பிடித்தன. அதுவரை ஆளுக்கொரு வைத்தியம் ஓடியது.

முதலில் முட்டைக்கோது. நொறுக்கி நாற்றைச் சுற்றிப் போட்டால் நத்தை தாண்டாது என்று எல்லோரும் நம்பினோம். தெகிவளை அங்கத்தவர் ஒருவர் பக்கத்து வீடுகளிலும் கேட்டுச் சேர்த்துப் போட்டார். நத்தை அதன்மேல் ஏறியே போனது. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018 இல் கீரைவகைச் செடிகளில் முட்டைக்கோது, செப்புப் பட்டி, கூர்மணல், மரப்பட்டைத் துகள், கம்பளி உருண்டைகள் ஆகியவற்றைச் சோதித்து, எதுவும் போடாத செடிகளை விட இவை பாதுகாப்புத் தரவில்லை என்று கண்டது. எமது தெகிவளை அனுபவமும் அதேதான். முட்டைக்கோதைக் கூட்டெருவில் போடுங்கள், அதற்கு அது நல்லது.

சாம்பல் காய்ந்திருக்கும்வரை உதவும். கொழும்பில் வைகாசி மாதத்தில் எது காய்ந்திருக்கிறது? உப்பைத் தூவினால் நத்தை சாகும், கூடவே மண்ணும் கெடும். சாடியில் வளர்ப்போருக்கு இது இன்னும் மோசம். உப்பை வாளிக்குள் மட்டும் வையுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நத்தை விழட்டும் என்று கிண்ணத்தில் பியர் வைக்கும் பியர்ப் பொறி பற்றிய விவாதம் ஒரு கூட்டம் முழுவதையும் விழுங்கியது. புளித்த ஈஸ்ட் மணத்துக்கு ஓடில்லாத நத்தை வருவது உண்மை. ஆனால் பியர் வாங்கி வருவது யார், வீட்டில் வைப்பது யார், மதுக்கடை பூட்டும் போயா நாளில் என்ன செய்வது என்று கேள்விகள் எழுந்தன. நாற்றுக்காகத் தானே வாங்கித் தருவதாக ஓர் அங்கத்தவர் முன்வந்தார்; அவருடைய மனைவியும் கூட்டத்தில் இருந்தபடியால் அந்தப் பிரேரணை வழிமொழியப்படவில்லை. சீனியும் ஈஸ்ட்டும் கலந்த தண்ணீரே அதே வேலையைச் செய்கிறது. சிறிய ஓடில்லாத நத்தைகளுக்கு இது சரி. பெருநத்தை அந்தக் கிண்ணத்துக்குள் அடங்காது.

நாற்று மேசையின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் கொழும்பில் தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நத்தையைக் காட்டித் தப்ப முடியாது. அந்த யோசனையைக் கைவிட்டோம். ஈஸ்ட்டுத் தண்ணீரையும் தினமும் காலையில் கொட்டிவிட வேண்டும்.

நச்சு உருண்டை பற்றி ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெற்றல்டிகைட் கலந்த உருண்டையைத் தின்னும் நாயும் பூனையும் வலிப்பு வந்து சாகக்கூடும். பிரித்தானியாவில் திறந்தவெளிப் பாவனைக்கு 2022 பங்குனி 31 உடன் இதற்குத் தடை வந்துவிட்டது. எமது ஒழுங்கைகளில் மதிலேறித் திரியாத பூனை இல்லை. சங்கத்தின் பெயரில் இதை வாங்குவதோ பகிர்வதோ இல்லை என்று தீர்மானித்திருக்கிறோம். இரும்புப் பொசுபேற்று உருண்டை இதைவிடப் பாதுகாப்பானது. தேவைப்படுவோர் முதலில் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டுவிட்டு வாங்கவும்.

பலன் தந்தவை இனி.

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் ஈரமான மண்ணில் இரவு முழுவதும் நத்தைக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். அரைமணி முந்தி எழும்ப வேண்டியதுதான்.

நாற்றை நிலத்தில் நேரே போடாமல் தட்டிலோ தயிர்க் கோப்பையிலோ வளர்த்து, தண்டு தடித்து நாலைந்து இலை விட்ட பிறகு இடம் மாற்றுங்கள். மாற்றியதும் அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தலால் மூடி, விளிம்பை மண்ணுக்குள் அழுத்துங்கள். மூடியைக் கழற்றி, வாயில் நுளம்புவலைத் துண்டு ஒன்றைக் கட்ட வேண்டும். நத்தை போத்தலில் ஏறும், உள்ளே போகாது. வெயில் ஏறுமுன் போத்தலை எடுத்துவிடாவிட்டால் நாற்று அவிந்துபோகும். கிருலப்பனையில் ஒரு மொட்டைமாடித் தோட்டம் முழுவதும் அப்படித்தான் அவிந்தது.

மூன்றாவது, இரவில் ரோச் லைட்டுடன் இறங்கிப் பொறுக்குவது. இதற்கு மாற்று இல்லை. நனைத்த சாக்குக்கு அடியில் பப்பாசித் தோலோ கோவா இலையோ வைத்தால் நத்தைகள் அங்கே கூடும். விடியற்காலையில் சாக்கைத் தூக்கி ஒரேயடியாக அள்ளலாம். உப்புக் கரைத்த வாளியில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதையுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிப் பக்கம் ஊற்ற வேண்டாம். சாடிகளைத் தூக்கும்போது மஞ்சள் கலந்த வெள்ளை முட்டைகள் கொத்தாகக் கண்டால் அவற்றையும் விடாதீர்கள். வெளியிலிருந்து மண்ணோ சாடியோ கொண்டுவந்தால் அடியைப் பார்த்த பிறகே உள்ளே எடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு நத்தை அப்படித்தான் வருகிறது.

வெறுங்கையால் தொடாதீர்கள். சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டாவது எடுங்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குடம்பிகள் நத்தையிலும் இருக்கலாம். அவை மனிதருக்குள் போனால் மூளைக் காய்ச்சல் வரலாம். வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணிச் சம்பலும் பச்சையாகவே சாப்பிடுகிறவர்கள் நாங்கள். இலையைக் கட்டாக அலசாமல் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். சிறுபிள்ளைகள் நத்தையோடு விளையாட விடவேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். இலங்கையில் ஏறத்தாழ 250 வகை நில நத்தைகள் உண்டு, அவற்றில் ஐந்தில் நான்குக்கு மேல் வேறெங்கும் இல்லாதவை. உருண்டு சற்றுத் தட்டையான, வாய்விளிம்பு சிவந்தோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் அக்காவசு இன நத்தைகளை ஊருக்குப் போகும் வழியில் கண்டால் தொடாமல் விடுங்கள். எமது கணக்கு அவற்றோடு இல்லை. செண்பகம் தோட்டத்துக்கு வந்தால் அதையும் விரட்ட வேண்டாம். பெருநத்தையை உடைத்துத் தின்னும் பறவை அது.

கடைசியாக மதில் விவகாரம். பொறுக்கிய நத்தையைப் பக்கத்து வளவுக்குள் எறிகிறார்கள் என்று செயற்குழுவுக்கு முறைப்பாடுகள் வந்தன. எறிந்தவர் யார் என்று விசாரிக்கவில்லை, விசாரித்தால் சங்கமே கலைந்துவிடும். எறிந்த நத்தை இரவில் மதிலேறித் திரும்பி வரும். ஒரு வீடு சுத்தமாகப் பொறுக்கி, அடுத்த வீடு பொறுக்காவிட்டால் இரண்டு வீட்டு நாற்றும் போகும். தெகிவளையில் ஒரே ஒழுங்கையைச் சேர்ந்த சில குடும்பங்கள் ஒக்டோபர் மழைக்குப் பிறகு ஒரே இரவில் சேர்ந்து இறங்கின. சிங்கள அயலவர்களும் வாளியோடு வந்தார்கள். மார்கழியில் அந்த ஒழுங்கையில்தான் கத்தரி நாற்று தப்பி நின்றது.

ஆகவே வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் பிரேரணை இது: வைகாசியிலும் ஒக்டோபரிலும் முதல் பெருமழை ஓய்ந்ததும், ஒழுங்கை ஒழுங்கையாக இரவுப் பொறுக்கல் நடத்துவது. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். வாளியும் கையுறையும் சங்கச் செலவில் வாங்கலாம் என்று பொருளாளர் அரை மனதோடு சம்மதித்திருக்கிறார். பொறுப்பாளராக விரும்புவோர் தேநீர் இடைவேளையில் பெயரைத் தரவும். யாரும் தராவிட்டால் தலைவர் பெயர் குறிப்பிடுவார்.

கூட்டங்களுக்கு மண்டபம் தந்தவர்களுக்கும், விதை பொதி செய்த இளைஞர்களுக்கும், இந்த வருடம் எம்மைவிட்டுப் பிரிந்த மூத்த அங்கத்தவர்களின் குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நன்றியையும் அனுதாபத்தையும் தெரிவித்து, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்