கணக்கெடுக்க வரப்போகும் மாஷ்மார்களுக்கும் டீச்சர்மார்களுக்கும்

வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்குக்காக எங்கள் வீட்டுக்கு வரும்போது, தாய்மொழி கேட்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள், டீ போட்டுத் தருகிறோம்.

2011-ல் வந்தவர் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே அப்பாவிடம் "மலையாளம்தானே?" என்றார். மலையாளம் தெரியுமா என்று கேட்கிறார் என நினைத்து அப்பா தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் ஆறு பேருக்கும் மலையாளம். அந்த நேரத்தில் உள்ளே பாட்டி தெலுங்கில் உப்பு டப்பாவைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தார், அம்மா அதற்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். (அப்பா அம்மாவுடையது காதல் கல்யாணம், அது தனிக்கதை.) சின்ன வயதில் ஒருவரிடம் அவருடைய அம்மா பேசிய மொழிதான் தாய்மொழி என்பது கணக்கெடுப்பு விதி, ஒரே வீட்டில் ஆளுக்கு ஆள் மாறலாம். அப்படிப் பார்த்தால் பாட்டிக்கும் அப்பாவுக்கும் தெலுங்கு, அம்மாவுக்கும் எங்கள் மூன்று பேருக்கும் தமிழ். இந்த முறை மொபைலில் பதிவீர்களாம், ஒருவருக்குப் போட்டதையே மற்றவர்களுக்கும் தட்டிக்கொண்டு போவது இன்னும் சுலபம்.

இது பெரிய விஷயமா என்றால், எங்களுக்குப் பெரிய விஷயம்தான். 2011-ன் மொழிக் கணக்கு வெளிவரவே 2018 ஆனது, 2021 கணக்கெடுப்போ நடக்கவே இல்லை, ஆக அந்தத் தலையாட்டல்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீசுக்குத் தமிழில் மனு கொடுத்து, தமிழிலேயே பதில் வாங்க 1969-லேயே கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்துவிட்டது. இங்கே தமிழர் எத்தனை பேர் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், நாங்கள் காட்டுவதற்கு இருப்பது நீங்கள் பதிகிற எண்தான்.

அப்புறம் இங்கிலீஷ். தாய்மொழி போக, தெரிந்த மொழி இரண்டு சொல்லலாம். 2011 விதியில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று இல்லை, புரிந்துகொண்டு பேசினால் போதும். எங்கள் ஊரில் இது அப்படியே தலைகீழ். பாட்டி சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசி ஆளை அழவைத்துவிடுவார், கேட்டால் "எனக்கு எழுதத் தெரியாதே" என்று தெலுங்கோடு நிறுத்திக்கொள்வார். என் மகள் இங்கிலீஷ் மீடியம், ஆறாம் வகுப்பு, பரீட்சையில் நல்ல மார்க். போன மாதம் ரயிலில் ஒரு வடநாட்டு அம்மா இங்கிலீஷில் பேர் கேட்டதற்கு என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். விளையாட்டு, சண்டை, ரகசியம் எல்லாம் அவளுக்கு மலையாளத்தில்தான். ஆனாலும் அவளுக்கு இங்கிலீஷ் போடுங்கள் என்று நானே சொல்வேன், கட்டுகிற ஃபீஸ் அப்படிச் சொல்லவைக்கும். "படிக்கிறாளா" என்று கேட்காமல் "பேசுவாளா" என்று கேளுங்கள், நான் மாட்டிக்கொள்வேன்.

பாட்டியிடம் மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள், இடது காது கேட்காது.