இரண்டு வாரத்துக்கு அக்கா ஆக வேண்டாம்

புலம்பெயர் நாடுகளில் உள்ள தமிழ்ச் சங்கங்களின் இளைஞர் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொழும்புக்குச் சற்று வெளியே ஒரு சிறுவர் இல்லத்தில் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் தொண்டு செய்ய வரும் உங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயது, நல்ல பிள்ளைகள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மடல் அவர்களை அனுப்பும் உங்களுக்கு.

வந்த முதல் நாளே இல்லத்துச் சின்னவர்கள் ஓடிவந்து மடியில் ஏறிவிடுவார்கள். "எவ்வளவு பாசம் பாருங்கோ மிஸ்" என்று வந்தவர்கள் கண் கலங்குவார்கள். நானும் ஆரம்பத்தில் அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளை தெரியாத ஆளைக் கண்டால் அம்மாவுக்குப் பின்னால் ஒளியும். இந்தப் பிள்ளைகளுக்கு ஒளிய அப்படி ஓர் இடம் இல்லை, அதனால் எந்த மடியிலும் ஏறுகிறார்கள். ருமேனியாவின் இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளை 2000ஆம் ஆண்டு தொடங்கி ஆராய்ந்தவர்களும் யாரோடும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைக் கண்டிருக்கிறார்கள்.

பதினான்காம் நாள் வான் வந்து நிற்கும். "எப்ப திரும்பி வருவீங்கள் அக்கா?" "அடுத்த வருசம் கட்டாயம்." இந்த ஒன்பது வருடத்தில் அப்படித் திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். வான் போன அன்றிரவு படுக்கையை நனைப்பதும், தலையணைக்குச் சண்டை பிடிப்பதும் மேட்ரனுடைய பாடு. போன ஆகஸ்டில் வந்த அக்காவின் பெயர் என்ன என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன். "எல்லாரும் அக்காதானே மிஸ்" என்றாள்.

படிப்பிப்பது வேறு கதை. ஒவ்வொரு குழுவும் ஆங்கிலத்தில் நிறங்களும் பழங்களும் சொல்லிக்கொடுத்துத்தான் தொடங்கும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'ஆப்பிள்' படித்தது போன வருடத்தோடு ஆறாவது தடவை. கைதட்டுவார்கள் என்று தெரிந்ததால், புதிதாகப் படிக்கிற மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வான்.

சரி, கொழும்பில் இருக்கும் நாங்கள் மட்டும் என்ன திறமா? பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லத்துக்குச் சோறு கொடுக்கிறோம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைக்கிறோம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். நானும் போட்டவள்தான். ஒரே வாரத்தில் மூன்று கேக் வெட்டியதும் உண்டு.

உங்கள் அறிவித்தல்களில் 'அநாதைப் பிள்ளைகள்' என்று போடுகிறீர்கள். உலகம் முழுக்க இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் இல்லத்திலும் பலருக்கு அம்மா இருக்கிறார், மாதம் ஒருமுறை பிஸ்கட் பையோடு வந்து போகிறார். 2022 பொருளாதார நெருக்கடியில் சாப்பாடு போட வழியில்லாமல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவர்களும் இருந்தார்கள். வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டல்கள் சொல்கின்றன. நடைமுறையில் இல்லத்துக்கு நன்கொடை வருகிறது, அந்த அம்மாவுக்கு வருவதில்லை.

ஆட்களும் காசும் வந்துகொண்டே இருந்தால் இல்லங்கள் பெருகும். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்கள் 75 வீதம் கூடின. அந்த நாட்டில் அநாதைகள் அப்படிக் கூடவில்லை, சுற்றுலாப் பயணிகள்தான் கூடினார்கள். அவுஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017இல் நவீன அடிமைத்தனம் பற்றிய அறிக்கையில், காசுக்காகப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பது பற்றித் தனி அத்தியாயமே எழுதியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும், இல்லங்களில் தொண்டுப் பயணங்களால் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளிடம் கேட்டது. சிட்னியிலும் மெல்பர்னிலும் உள்ள சங்கங்களுக்காவது இது எட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் ஊர்ப் பாடசாலைக்குள் பொலிஸ் சான்றிதழ் இல்லாத ஒருவரைப் பிள்ளைகளோடு தனியாக விடுவார்களா? இங்கே உங்கள் குழுக்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்காதது எங்கள் பிழை. கேட்காவிட்டாலும் கொண்டுவந்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

நான் கேட்பது இதுதான். பயணத்தை நிறுத்துங்கள். அந்த விமானச் சீட்டுக் காசை, இங்கே சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் அரச அலுவலரான நன்னடத்தை உத்தியோகத்தர் மூலமாகக் குடும்பங்களுக்குப் போகும் உதவியாக மாற்றுங்கள்: வேலைக்குப் போகும் அம்மாவின் கைக்குழந்தைக்குப் பகல் பராமரிப்பு, பாடசாலை வான் கூலி, ஆறு மாத வீட்டு வாடகை. நான்கு பிள்ளைகள் வீடு திரும்ப இவ்வளவும் போதுமாக இருந்ததை நானே பார்த்தேன். படிப்பித்தே ஆக வேண்டும் என்று ஆசைப்படுபவர் இருந்தால், சாதாரண தர வகுப்புக்கு ஒரே ஆள், வாரம் ஒரு மணி நேரம், ஒரு முழு வருடம், ஸூமில், எங்கள் ஆசிரியர் பக்கத்தில் இருக்க. அதற்கு ஒத்துக்கொள்பவர்கள் குறைவு என்று தெரியும். ஒருவர் கிடைத்தாலும் போதும்.

இந்த ஆகஸ்டுக்கு ஏற்கெனவே டிக்கெட் போட்டாயிற்று என்றால், பிள்ளைகள் வரட்டும். கடற்கரைக்குப் போகட்டும், சொந்தக்காரரைப் பார்க்கட்டும், கொத்து ரொட்டி சாப்பிடட்டும். நிறப் பென்சில் மட்டும் கொண்டுவர வேண்டாம். போன வருடத்துப் பெட்டிகள் இன்னும் உடைக்காமல் அலுமாரியில் கிடக்கின்றன.

இப்படிக்கு,
சனிக்கிழமை கணித ரீச்சர்
கொழும்பு