சூளைக்கூடத்துக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

செராமிக்ஸ் இரண்டாம் நிலை வகுப்பை முடித்த நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. 'அனைவருக்கும் நன்றி' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். யார் எதைக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கும் உதவும் என்பதால் சற்று நீளமாகிறது.

முதலில், வனையக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு. முதல் நிலையில் பானை நின்றாலே போதும். இங்கே நீங்கள் நின்ற பானையையே கம்பியால் நெடுக்காக அறுத்துக் காட்டினீர்கள். வாயருகே 4 மில்லிமீட்டர், அடிமூலையில் 12. தூக்கும்போது கனமாக இருப்பதற்கான காரணம் அந்த மூலைதான். அடியின் நடுவில் 'எஸ்' வடிவில் விழும் விரிசலுக்கும் விடை அங்கேயே இருந்தது: சுவர் முதலில் காய்ந்து இறுகிவிடுகிறது, தடித்து ஈரமாகக் கிடக்கும் அடி பிறகு சுருங்கப் பார்த்து, வழியில்லாமல் கிழிகிறது. அடியை நடுவிலிருந்து வெளியேயும் வெளியிலிருந்து நடுவுக்கும் மூன்று நான்கு முறை அழுத்தித் தேய்ப்பது, தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பது, கவிழ்த்துக் காயவைப்பது. மூன்றும் செய்தால் விரிசல் வெகுவாகக் குறைகிறது.

மூடி போட்ட ஜாடிக்கான கணக்கும் உங்களுடையதே. நம் மண் வனைந்ததிலிருந்து சுட்டு முடியும்வரை 12 சதவீதம் சுருங்குகிறது. சுட்டபின் வாய் 10 செ.மீ. வேண்டுமென்றால் பலரும் 12 சதவீதத்தைக் கூட்டி 11.2 என்று வனைவார்கள், வருவது 9.86. மூடி இறங்காது. 10-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும்: 11.4 செ.மீ. மூடியையும் ஜாடியையும் ஒரே நாளில் வனைந்து, மூடியை மேலே வைத்தபடியே காயவைத்து, அப்படியே பிஸ்க் (பூச்சு பூசுவதற்கு முந்தைய முதல் சூடு) சுட வேண்டும். தனித்தனியாகக் காய்ந்தால் வாய் ஒரு பக்கம் நெளியும், மூடி வேறு பக்கம் நெளியும்.

அடுத்து, சூளை பார்க்கும் அண்ணனுக்கு. பானை வெடித்தால் காற்றுக் குமிழியைக் குற்றம் சொல்லும் பழக்கத்தை நிறுத்தியவர் நீங்கள். வெடிக்கவைப்பது நீராவி. "கன்னத்துல வெச்சுப் பாரு, ஜில்லுன்னு இருந்தா இன்னும் காயல" என்பீர்கள். அந்தச் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. சந்தேகமிருந்தால் இரவு முழுக்க 90 டிகிரியில் பிடித்து வைத்துவிட்டு, காலையில் ஏற்றத் தொடங்கலாம். 573 டிகிரியை ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகக் கடக்க வேண்டும். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று பருமன் மாறும் இடம் அது. கிளேஸை, அதாவது பானைமேல் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சை, சுடும் இரண்டாம் சூட்டில் 9, 10, 11 என மூன்று கோன்களை (குறிப்பிட்ட அளவு சூடு பட்டதும் வளையும் சிறு கூம்புகளை) வரிசையாக நட்டு, 10 வளைந்து நுனி தரையைத் தொடும்போது நிறுத்துவீர்கள். மீட்டர் வெப்பநிலையை மட்டும் சொல்லும். எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு பட்டது என்பதைக் கோன்தான் சொல்லும். அலுமினா ஹைட்ரேட்டும் கயோலின் என்ற வெண்களிமண்ணும் எடையில் சரிபாதி கலந்து, சூளைக்குள் பானைகளை அடுக்கும் தட்டுகளுக்குப் பூசியதும் நீங்கள்தான். வழிந்த கிளேஸ் உளி வைத்துத் தட்டியதும் விட்டுவந்தது அதனால்தான்.

கிளேஸ் கலவைகளைச் சோதித்த சிறு ஓடுகளை மாட்டிய பலகையை விட்டுச்சென்ற முந்தைய வகுப்பு அக்கா, அண்ணன்களுக்கு. ஃபெல்ட்ஸ்பார் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புத்தூள் 20, கயோலின் 10 என்ற பழைய அடிப்படைக் கலவையை நடுவில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி, ஒவ்வொரு ஓட்டின் பின்னாலும் எண்ணை இரும்பு ஆக்சைடால் எழுதியிருந்தீர்கள். பென்சிலில் எழுதினால் சூளையில் போய்விடும். ஓடுகளை நிற்கும் வடிவில் செய்ததும் நல்ல யோசனை. படுக்கவைத்துச் சுட்டால் கிளேஸ் வழியுமா என்று தெரியாது. வலைபோல் கீறல் விழுந்த கலவையில் சிலிக்காவை 5, 5 ஆகக் கூட்டிய வரிசைதான் எங்களுக்கு அதிகம் உதவியது: கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குவதால்தான் அந்தக் கீறல். கிளேஸ் வாளியின் மூடியில், கரைசல் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு, '100 மில்லி = 145 கிராம்' என்று ஒட்டிய துண்டுச் சீட்டுக்குத் தனி நன்றி. நிறுக்காமல் முக்கினால் ஒரு வாரம் தண்ணீராக இருக்கும், மறுவாரம் தயிராக இருக்கும்.

கூடத்தைச் சுத்தம் செய்யும் அம்மாவுக்கு. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கவே விடமாட்டீர்கள். சிலிக்காத் தூசு கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலில் போய்த் தங்கும். ஈரத்துணிதான் வேண்டும், அதையும் காயவிடாமல் வாளியில் அலச வேண்டும் என்று நீங்கள் அதட்டியது பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, இருக்க வேண்டும்.

எங்கள் ஓடுகள் 64 முதல் 91 வரை பலகையின் இடப்பக்கம் மாட்டியிருக்கின்றன. 77 வழிந்து தட்டில் ஒட்டியது; அதை நகலெடுக்க வேண்டாம்.

நன்றியுடன்,
இரண்டாம் நிலை வகுப்பு மாணவர்கள்