ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆள் எடுக்குற எச்.ஆர். சார், மேடம் எல்லாருக்கும்

வணக்கம். எனக்கு அரக்கோணம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஒன்றரை வருஷமா வேலை தேடிட்டு இருக்கேன், உங்க ஏரியாவுல மட்டும் ஆறு இன்டர்வியூ ஆச்சு. எல்லா ஃபார்ம்லயும் ஒரு கட்டம் இருக்கு, வேலைக்கு எவ்ளோ தூரம் வருவீங்கன்னு. மொதல்ல "எவ்ளோ தூரம்னாலும்"னு எழுதினேன், சிரிச்சாங்க. அடுத்த எடத்துல 50 கிலோமீட்டர்னு போட்டேன், "ரெண்டு மாசத்துல நின்னுடுவீங்க தம்பி"ன்னு அனுப்பிட்டாங்க.

தூரத்துக்கு நாங்க பயப்படல சார். அரக்கோணத்துலருந்து சென்ட்ரல் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர், விடியக்காலை வண்டில ஏறிப் பாருங்க, கொத்தனாரு, துணிக்கடை பொண்ணுங்க, ஆபீஸ் ஆளுங்கன்னு எல்லாம் தினமும் போயிட்டு வர்றாங்க. சீசன் இருக்கு, சீட்டு கெடச்சா தூங்கலாம், கெடைக்கலன்னா கம்பிய புடிச்சுட்டே தூங்கவும் எங்க ஊருக்காரனுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூருக்குத்தான் ரயிலே கெடையாது. ஆவடி டூ கூடுவாஞ்சேரி பாதை இந்த வழியா வரும்னு வருஷக்கணக்கா சொல்லிட்டே இருக்காங்க. அதனால திருவள்ளூர்ல எறங்கி பஸ்சுக்கு நிக்கணும், அந்த கடைசி 20 கிலோமீட்டர்தான் கழுத்த அறுக்குது.

போன வருஷம் ஒரு எடத்துல காண்ட்ராக்ட்ல சேர்ந்தேன், மதியம் 2 டூ நைட்டு 10 ஷிஃப்ட். கம்பெனி பஸ் திருவள்ளூர் வரைக்கும் போகும், ஆனா பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும். பாதி சீட்டு காலியா கண்ணு முன்னாடி போகும், நான் டிபன் பாக்ஸோட கேட்டாண்ட நின்னுட்டு இருப்பேன். ஷேர் ஆட்டோ, இல்லன்னா தெரியாதவங்க பைக்குல லிஃப்ட். மொத சம்பளம் வர்ற வரைக்கும் வண்டிக் காசு அம்மாதான் குடுத்தாங்க. அந்த இன்டர்வியூல ரெண்டு மாசத்துல நின்னுடுவேன்னாங்க, நான் 23 நாள்லயே நின்னுட்டேன்.

எங்க அக்காவுக்கு இன்னும் மோசம். 2021-லருந்து லேடீஸுக்கு டவுன் பஸ் ஃப்ரீதான், டிக்கெட் ஃப்ரீயா இருந்து என்ன பண்ண, ராத்திரி பத்தரைக்கு பஸ்சு வரணும்ல?

அதனால விளம்பரம் போடும்போதே பஸ் எந்த ஊர் வரைக்கும் வரும், எந்த ஷிஃப்டுக்கு வரும், காண்ட்ராக்ட் ஆளு ஏறலாமா கூடாதான்னு ரெண்டு வரி போட்டுடுங்க. அடுத்த வாரம் இருங்காட்டுக்கோட்டைல ஒரு இன்டர்வியூ இருக்கு. ஃபார்ம்ல அந்தக் கட்டம் வந்தா, "நைட்டு பஸ் எத்தன மணிக்கு?"ன்னு எழுதலாம்னு இருக்கேன்.