சோதனை முடிந்த பிறகு உட்கார ஓர் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் வந்திருக்கும் புதிய இயந்திரங்களைப் பற்றி உங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயணிக்கு வரும் பதற்றத்தில் பெரும்பகுதி சோதனையால் வருவதில்லை, அந்த இடத்தை அமைத்திருக்கும் விதத்தால் வருகிறது.

சென்ற ஆண்டு எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவோடு பயணம் செய்தேன். வரிசையில் நின்ற நேரம் முழுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செருப்பைக் கழட்டணுமா, வேண்டாமா?" எனக்கும் தெரியவில்லை. 2001 டிசம்பரில் ஒருவர் காலணிக்குள் வெடிபொருளை மறைத்துக்கொண்டு விமானத்தில் ஏறினார். காலணியைக் கழற்றும் வழக்கத்துக்கு அதுதான் தொடக்கம். அமெரிக்காவில் 2025 ஜூலையில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு, திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்க 2006இல் லண்டனில் தீட்டிய சதி பிடிபட்ட பிறகு வந்தது. பைக்குள் இருப்பதை முப்பரிமாணத்தில் காட்டும் சிடி ஸ்கேனர் உள்ள இடத்தில் லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கலாம், பழைய எக்ஸ்ரே என்றால் பெரும்பாலும் வெளியே எடுக்க வேண்டும். சரி, விதி இடத்துக்கு இடம் மாறட்டும். அதைப் பயணியிடம் எப்போது சொல்கிறோம்? பொருட்களை வைத்து ஸ்கேனருக்குள் அனுப்பும் தட்டைக் கையில் எடுத்து, பின்னால் பத்துப் பேர் காத்திருக்கும்போது ஊழியர் உரக்கச் சொல்கிறார். அதையே வரிசையின் தொடக்கத்தில், சும்மா நிற்கும் அந்த இருபது நிமிடத்தில், பெரிய படங்களாகக் கண்ணில் படும்படி வைத்தால் என் அம்மா போன்றவர்கள் தயாராகவே வந்து சேர்வார்கள்.

அமெரிக்காவில் 2008இல் சில முயற்சிகள் நடந்தன. பால்டிமோர் வாஷிங்டன் விமான நிலையத்தில் மென்மையான ஊதா விளக்கும் இதமான இசையும் வைத்துப் பார்த்தார்கள். சில விமான நிலையங்களில், அடிக்கடி பறப்பவர்களுக்கு ஒன்று, குழந்தைகளோடும் உதவி தேவைப்படுபவர்களோடும் வருபவர்களுக்கு ஒன்று என்று வரிசைகளைப் பிரித்தார்கள். விளக்கு பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வரிசையைப் பிரித்தது நல்ல யோசனை. மெதுவாகச் செய்பவருக்கு மற்றவர்களை நிறுத்தி வைக்கிறோமே என்ற கூச்சம்தான் கையை நடுங்க வைக்கிறது. இப்போது பல இடங்களில் வந்திருக்கும் தானியங்கிப் பாதைகள் இதை இன்னும் நன்றாகத் தீர்க்கின்றன. நாலைந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவரவர் தட்டை நிரப்பலாம். முடித்தவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போகலாம். ஒருவருக்காக இன்னொருவர் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் ஸ்கேனருக்கு அந்தப் பக்கம் யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. அம்மாவின் தட்டு வெளியே வந்ததும் பின்னால் வந்த தட்டுகள் அதை முட்டித் தள்ளின. ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் போர்டிங் பாஸ், கால் வெறுங்கால். உட்கார இடம் இல்லை. சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்று செருப்பின் வாரை மாட்டினார். அந்த அவசரத்தில் மூக்குக்கண்ணாடி தட்டிலேயே தங்கிவிட்டது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பயணம் முழுக்க எழுத்து எதையும் படிக்க முடியாமல் என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் சூரியகாந்திப் படம் போட்ட பட்டையைக் கொண்டுவந்தார்கள். அதைக் கழுத்தில் அணிந்தால் இவருக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று ஊழியர்கள் புரிந்துகொள்கிறார்கள். இன்று பல நாடுகளில் அது இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் முதியவர் ஒருவர் செருப்பு மாட்ட அடையாளம் எதற்கு? தட்டு வந்து நிற்கும் பகுதியைக் கொஞ்சம் நீளமாக்கினால் போதும். அதிலிருந்து நாலடி தள்ளி, நடப்பவர்கள் இடிக்காத இடத்தில் சில பெஞ்சுகள் வேண்டும். அவற்றுக்குக் கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் முழங்கால் வலி உள்ளவர்களால் அதைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. பெஞ்சுக்கு எதிரே எதையும் மறந்துவிடாமல் இருக்கக் கண் மட்டத்தில் ஒரு பலகை: கண்ணாடி, போன், பாஸ்போர்ட், பெல்ட் ஆகியவற்றின் படங்கள் மட்டும். எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி