சிப்பிக் கூடையின் லேபிளைக் காட்ட ஏன் மறுத்தீர்கள்?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அதனால் எனக்கு நன்றாக வரும் மொழியிலேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முழுக்கப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற இரண்டு வரியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, கிழக்குக் கரையோரத்தில் இருக்கும் உங்கள் ஆய்ஸ்டர் பாருக்கு, அதாவது சிப்பி உணவகத்துக்கு, நாங்கள் நான்கு பேர் வந்தோம். நான், என் மனைவி, அம்மா, என் தம்பி. தம்பி இரண்டு வருடக் கட்டாய தேசிய சேவையை அந்த வாரம்தான் முடித்திருந்தான். முடித்துவிட்டு வா, சமைக்காமல் அப்படியே சாப்பிடும் பச்சைச் சிப்பியை உன் வாழ்க்கையில் முதல்முறையாக நான் வாங்கித் தருகிறேன் என்று அவன் முகாமுக்குப் போன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எந்தக் கடையும் என் மனதில் இல்லை, உங்கள் கடைதான். நான்கு வருடமாக மாதத்துக்கு இரண்டு முறையாவது வந்து போகிற கடை, வீட்டிலிருந்து செருப்பு மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் வந்துவிடும்.

உங்கள் நிறுவனம் இந்தக் கடையை எடுத்து நடத்துவதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நுழைந்ததும் எதிரே ஒரு நீளமான ஐஸ் மேடை இருக்கும், அதற்கு முன்னால் எட்டு ஸ்டூல். மேடைக்குப் பின்னால் ஒரு அங்கிள், இடது கையில் கம்பி வலைக் கையுறை, வலது கையில் குட்டையான கத்தி. ஒவ்வொரு சிப்பியையும் எடுத்து இன்னொரு சிப்பியின் மேல் லேசாகத் தட்டிப் பார்ப்பார். உயிரோடு இருக்கிற சிப்பி கல்லும் கல்லும் மோதுவது போல கெட்டியாகச் சத்தம் போடும், செத்துப்போய் உள்ளே தண்ணீர் வற்றியது காலி டப்பா மாதிரி ஒலிக்கும். வாய் பிளந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும், மூடாவிட்டால் யோசிக்காமல் வாளியில் போட்டுவிடுவார். அப்புறம்தான் ஓட்டின் கீலில் கத்தி முனையை வைத்து ஒரு திருகு, மேல் ஓட்டைப் பிடித்திருக்கும் தசையில் ஒரு அறுப்பு, உள்ளே இருக்கும் கடல் நீர் ஒரு சொட்டும் சிந்தாமல் ஐஸ் மேல் வைப்பார். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

கூடையின் லேபிளையும் கேட்காமலேயே காட்டுவார். பிரான்சிலிருந்து வரும் சிப்பி மெல்லிய மரக் கூடையில், குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி வரும். அந்த லேபிளில் எந்தக் கடற்பகுதி, எந்த நாளில் அடைத்தது, எந்த நிலையத்திலிருந்து அனுப்பியது, எல்லாம் இருக்கும். 2023 டிசம்பர் கடைசியில் பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாச் சிப்பிகளில் வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ் என்று அங்கேயே விற்பனையை நிறுத்திய செய்தி வந்ததே, அப்போது நான் பயந்துபோய்க் கேட்டேன். அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து அந்த மாதத்து லேபிள்களை எல்லாம் மேடையில் பரப்பி வைத்தார். எல்லாமே பிரான்சின் இன்னொரு கடற்பகுதியான மரென்-ஒலெரோனிலிருந்து வந்தவை, ஆர்காஷோன் ஒன்றுகூட இல்லை. அன்று நான் நிம்மதியாக ஒரு டஜன் சாப்பிட்டுவிட்டுப் போனேன். பச்சையாகச் சாப்பிடும் பொருளுக்கு இதைவிட வேறு என்ன உத்தரவாதம் வேண்டும்?

சரி, போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ஐஸ் மேடை இல்லை. அந்த இடத்தில் பெரிய திரை வைத்து பீர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிளும் இல்லை. மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை வைத்து ஆர்டர் செய்தோம்: ஃபீன் த கிளேர் என்ற பிரெஞ்சுச் சிப்பி, இரண்டாம் எண் அளவில் 12, அயர்லாந்துச் சிப்பி 6, அம்மாவுக்காகச் சுட்ட சிப்பி 6. அம்மாவுக்குக் கல்லீரல் கொஞ்சம் பலவீனம், பச்சையாக எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு உணவங்காடி நிலையத்தில் முட்டையோடு பொரித்துத் தரும் ஓ லுவாதான் சிப்பி. இருந்தாலும் மகன்களோடு வந்து உட்கார ஆசைப்பட்டார்.

பதினெட்டுப் பச்சைச் சிப்பியும் நான்கே நிமிடத்தில் வந்தன. அங்கிள் எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் பதினெட்டுக்கு நான்கு நிமிடம் போதாது. தட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டுக்குள் கடல் நீரே இல்லை. சதை ஓரங்களில் காய்ந்து, மேலே ஒரு மங்கலான படலம் போலப் பிடித்திருந்தது. இரண்டு சிப்பியின் ஓட்டு விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்ததைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தேன். புதிதாகத் திறந்த சிப்பி என்றால் சாறு பட்டதும் அதன் கறுப்பு விளிம்பு சுருங்கும். இது அசையவில்லை. இன்னொன்றிலும் அசையவில்லை. நானும் மனைவியும் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டுப் பார்த்தோம். உப்பே இல்லை, குழாய்த் தண்ணீரில் கழுவியது போலச் சப்பென்று இருந்தது, நாக்கில் ஓட்டுத் தூள் வேறு நறநறத்தது. தம்பி ஒன்றை வாயில் போட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "இதுக்காகவா அண்ணா இரண்டு வருஷமா சொன்னே?" என்றான்.

பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு, இது எப்போது திறந்தது என்று கேட்டேன். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். காலையில் சென்ட்ரல் கிச்சனில், அதாவது உங்கள் பொதுச் சமையல்கூடத்தில், திறந்து தட்டில் அடுக்கி மூடி அனுப்பிவிடுவார்கள், இங்கே ஐஸ் மேல் எடுத்து வைப்பதுதான் வேலை என்று ஒளிக்காமல் சொன்னார். உண்மையைச் சொன்னதற்காக அவரை நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கக்கூடாது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாலை முழுவதும் எங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டது அவர் ஒருவர்தான்.

கூடையின் லேபிளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய்த் திரும்பி வந்து, மேனேஜர் காட்டக் கூடாது என்கிறார் என்றார். அப்புறம் மேனேஜரே வந்தார். "அது எங்கள் உள் ஆவணம் சார், வாடிக்கையாளருக்குக் காட்டும் வழக்கம் இல்லை" என்றார். அடுத்த முறைக்கு ஒரு இனிப்பு இலவசம் என்று ஒரு கூப்பனை நீட்டினார். நான் வாங்கவில்லை.

உள் ஆவணம் என்றால் என்ன அர்த்தம்? ஐரோப்பாவில் கூடையைப் பிரித்து விற்ற பிறகும் அந்த லேபிளைக் கடைக்காரர் குறைந்தது 60 நாள் வைத்திருக்க வேண்டும், அமெரிக்காவில் 90 நாள். ஏன் அவ்வளவு நாள்? சிப்பி தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை வடிகட்டியே வாழ்கிறது, அந்தத் தண்ணீரில் இருக்கும் கிருமியும் அதற்குள் சேர்ந்துகொள்ளும். யாராவது நோயில் விழுந்தால் அது எந்தக் கடற்பகுதி, எந்த நாள் என்று தேடிப் போக இருக்கும் ஒரே தடயம் அந்த லேபிள். சாப்பிடுகிறவன் பார்க்கக் கூடாத ரகசியம் அதில் என்ன இருக்கிறது? நீங்கள் மறைத்ததால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

திறந்து வைப்பது சாதாரண விஷயம் என்று உங்கள் மேனேஜர் நினைக்கலாம். ஓடு நீக்கிக் குளிரூட்டிய பச்சைச் சிப்பிச் சதையைச் சிங்கப்பூருக்குள் இறக்குமதி செய்யவே அனுமதி இல்லை. அந்தத் தடை இறக்குமதிக்குத்தான், எங்கள் கிச்சனுக்கு இல்லை என்று நீங்கள் பதில் எழுதலாம். எழுதுங்கள். ஆனால் திறந்த சதையில் பெருகும் கிருமிக்கு அது விமானத்தில் வந்ததா லாரியில் வந்ததா என்பது தெரியாது. காலை பத்து மணிக்குத் திறந்தது என்றே வைத்துக்கொள்வோம், எங்கள் மேசைக்கு வந்தபோது ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. இந்த ஊர் வெயிலில், கிச்சனிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து கடை, கடையில் மறுபடியும் குளிர்பெட்டி. நாங்கள் மொத்தம் மூன்றுதான் சாப்பிட்டோம், யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். பக்கத்து மேசையில் ஒரு வயதானவர் தனியாக உட்கார்ந்து ஒரு டஜனையும் முடித்துக்கொண்டிருந்தார், அவரைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுச் சிப்பிக்கு எண் குறையக் குறைய அளவு பெரிது. இரண்டாம் எண் என்றால் ஓட்டோடு 86 கிராமுக்குக் குறையக்கூடாது, நான்காம் எண் 46 முதல் 65 கிராம் வரை. தட்டில் வந்தவற்றில் பாதிக்கு மேல் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நான் தராசு கொண்டு வரவில்லை, ஆனால் நான்கு வருடம் அதே கடையில் அதே சிப்பியைப் பார்த்த கண் இது. இரண்டாம் எண்ணின் விலையை வாங்கிக்கொண்டு நான்காம் எண்ணை வைத்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். லேபிளைக் காட்டியிருந்தால் அதிலேயே தெரிந்திருக்கும்.

சுட்ட சிப்பி நன்றாக இருந்தது. நன்றாக வெந்து, பூண்டு வாசத்தோடு சூடாக வந்தது. அம்மா ஆறையும் ரசித்துச் சாப்பிட்டார். அதற்கும் குடித்த பானங்களுக்கும் நான் ஒரு காசும் திரும்பக் கேட்கவில்லை.

பில் விவரம் இது. ஃபீன் த கிளேர் 72 வெள்ளி, அயர்லாந்துச் சிப்பி 39, சுட்டது 36, இரண்டு பீர் 32, இரண்டு எலுமிச்சை ஜூஸ் 14, மொத்தம் 193 வெள்ளி. அதன் மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, ஆக 231 வெள்ளி 41 காசு. பதினைந்து சிப்பியைத் தொடாமல் திருப்பி அனுப்பியும் முழுத் தொகையையும் போட்டீர்கள். அம்மா முன்னால் சத்தம் போட வேண்டாம் என்று கட்டிவிட்டு வந்தேன். பச்சைச் சிப்பிக்கான 111 வெள்ளியும் அதன் மேல் வாங்கிய கட்டணமும் வரியும் சேர்த்து 133 வெள்ளி 9 காசைத் திருப்பித் தாருங்கள். கூப்பன் வேண்டாம், கட்டிய அட்டைக்கே வர வேண்டும்.

ஆனால் பணத்துக்காக மட்டும் இவ்வளவு எழுத மாட்டேன். அந்த ஐஸ் மேடையைத் திரும்ப வையுங்கள். எங்கள் கண் முன்னால் திறக்கட்டும், பத்து நிமிடம் அதிகமாகக் காத்திருக்க யாரும் சலித்துக்கொள்ள மாட்டோம். முன்பு அந்த எட்டு ஸ்டூலில் இடம் கிடைக்க வாசலில் நின்றவர்கள்தானே நாங்கள். கேட்கிறவருக்கு லேபிளைக் காட்டச் சொல்லி எல்லாக் கிளைகளுக்கும் எழுத்தில் உத்தரவு அனுப்புங்கள். அது முடியாது, சென்ட்ரல் கிச்சனில் திறந்து கொண்டுவருவதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால், பச்சைச் சிப்பியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டு சுட்டதை மட்டும் விற்கலாம், அதை உங்கள் ஆட்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஜப்பானில் பச்சையாகச் சாப்பிடும் சிப்பி வேறு, சமைக்கும் சிப்பி வேறு என்று பொட்டலத்திலேயே பிரித்துப் போட்டு விற்கிறார்கள், அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அங்கிளை வேறு கிளைக்கு மாற்றியிருந்தால் தயவுசெய்து அவரைத் திரும்ப எங்கள் கடைக்கே அனுப்புங்கள். அவரே விட்டுப் போயிருந்தால், அவர் கற்றுக்கொடுத்த வேலையை அந்தச் சின்னப் பெண்ணுக்காவது யாரையாவது வைத்துக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொள்ள ஆசையுள்ள பெண் போலத்தான் தெரிந்தார், ஓட்டைத் தட்டிப் பார்ப்பதைப் பற்றி நான் சொன்னபோது தட்டிலிருந்த காலி ஓடு இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

பதினான்கு நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் இல்லை என்றால் திறந்து வைத்த சிப்பியைப் பற்றிச் சிங்கப்பூர் உணவு அமைப்பிடமும், பணத்தைப் பற்றிப் பயனீட்டாளர் சங்கத்திடமும் இதே கடிதத்தைக் கொடுப்பேன். பில்லின் நகலும் ஐந்து படங்களும் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் அழைப்பதானால் மாலை ஆறு மணிக்கு மேல் அழையுங்கள், பகலில் வேலையிடத்தில் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
நான்கு வருடமாக உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்