நோபல் செய்திக்குக் கீழே எதிர்ப்புச் சக்திப் பொடி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சியைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபலை மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் பகிர்ந்துகொண்டவர். எழுதியவருக்கு என் பாராட்டு. ஆனால் அதே பக்கத்தின் அடியில், நோய் எதிர்ப்புச் சக்தியைப் பல மடங்கு கூட்டும் என்று ஒரு பொடிக்குக் கால் பக்க விளம்பரம்! மேலே சொன்னதைக் கீழே இருந்தது அடித்துப் போட்டுவிட்டது.

எதிர்ப்புச் சக்தி மிஞ்சிப்போனால் என்ன ஆகும், உடம்பு அதை எப்படி அடக்கி வைக்கிறது என்பதுதான் சகாகுச்சியின் வாழ்நாள் கேள்வி. கோதையாறு இறக்கத்தில் பஸ் ஓட்டுபவரிடம் ஆக்ஸிலேட்டரை மட்டும் மிதியுங்கள் என்று யாரும் சொல்வதில்லையே. கட்டுரையிலோ ‘உடலின் காவலர்களைக் கண்டுபிடித்தார்’ என்ற ஒற்றை வரியோடு இந்த விஷயம் முடிந்துவிடுகிறது. பரிசுச் செய்தி வந்தபோது ராம்ஸ்டெல் சிக்னல் இல்லாத மலையில் நடந்துகொண்டிருந்த கதைக்கு ஒரு பத்தியே கிடைத்திருக்கிறது. சுவையான சங்கதிதான், மறுக்கவில்லை.

விட்டுப்போன கதை இது. ஜப்பானின் நாகோயா நகரில் உள்ள ஐச்சி புற்றுநோய் மையத்தில், பிறந்து மூன்றாம் நாள் சுண்டெலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்திருந்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸில்தான் டி செல்கள் எனும் ஒருவகை வெள்ளை அணுக்கள், அதாவது எதிர்ப்பு செல்கள், பக்குவப்படுகின்றன. அதை எடுத்தால் எதிர்ப்பாற்றல் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ வேறு. குட்டிகளின் சினைப்பை, தைராய்டு, இரைப்பை எல்லாவற்றையும் அவற்றின் சொந்த எதிர்ப்பு செல்களே அழித்தன. கியோட்டோவில் மருத்துவம் படித்து முடித்த சகாகுச்சியை இது பிடித்துக்கொண்டது. அதே இனத்து நலமான எலிகளின் டி செல்களை அந்தக் குட்டிகளுக்குச் செலுத்தினார், நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே மற்றவற்றை அடக்குபவையும் இருக்கவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ‘அடக்கும் டி செல்’ என்ற பேச்சுக்கே அப்போது மரியாதை இல்லாமல் போயிருந்தது. 1970களில் பலர் அதன் பின்னால் ஓடினார்கள். ஆதாரங்கள் நிற்கவில்லை என்றதும் 1980களில் அந்தத் துறையையே கைகழுவிவிட்டார்கள். சகாகுச்சியோ அமெரிக்காவிலும் பிறகு ஜப்பானிலுமாக, மனைவி நோரிகோவையும் ஆய்வுத் துணையாகக் கொண்டு, பத்தாண்டுக்கு மேல் விடாமல் தேடினார். 1995இல் அந்தச் செல்களை அடையாளம் காட்டினார். சிடி25 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கியவை அவை. அவற்றை நீக்கிவிட்டு மீதி டி செல்களை தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினால் நோய் வந்தது. நீக்கியதையும் சேர்த்துச் செலுத்தினால் தடைபட்டது. பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001இல் கண்டறிந்த ஃபாக்ஸ்பி3 மரபணுதான் இந்தச் செல்கள் உருவாவதைக் கட்டுப்படுத்துகிறது என்பது 2003இல் தெளிவானது.

அதே 2003இல், தானாகவே மூட்டு வீங்கும் எலி இனம் ஒன்றையும் சகாகுச்சி குழு விவரித்தது. நம் ஊரில் சரவாங்கி என்கிறோமே, எதிர்ப்பு செல்களே மூட்டுகளைத் தாக்குகிற அந்த நோய்க்கு ஒப்பானது. எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு அது இருக்கிறது. காலையில் விரல்கள் மடங்காது. பத்து மணி வரை தண்ணீர்க் குழாயைத் திருகக்கூட மகள் வரவேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருநாள் மட்டும் சாப்பிடுகிறார். எதிர்ப்பு செல்களின் வேகத்தைத் தணிக்கத்தான் அந்த மாத்திரை. அவர் உங்கள் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, “இந்தப் பொடி வாங்கட்டுமா சாரே?” என்று கேட்டார். பொடி சொன்னபடி வேலை செய்யாது என்பது என் நம்பிக்கை. செய்தால் அவருக்கு இன்னும் மோசம்.

1995 வரையிலான கதையை பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஓர் இணைப்பில் எழுதச் சொல்லுங்கள். விளம்பர வருமானம் வேண்டும் என்றால் சரி, மருத்துவப் பக்கத்தை விட்டு வேறு பக்கத்துக்காவது அதைத் தள்ளுங்கள். சரவாங்கி, லூபஸ் போல எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கவேண்டாம் என்று ஒரு வரியும் அதில் இருக்கட்டும், படிக்கிற அளவு எழுத்தில்.

— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்